புது ஃபைபர் இணைப்பில் சொந்த ரவுட்டர்: முழுமையான வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு எடுத்தால் நிறுவனமே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகிறது. அதிலேயே வைஃபையும் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கைக்காசு போட்டு இன்னொரு ரவுட்டர்? நிறைய வீடுகளுக்கு அது தேவையே இல்லை. இரண்டு படுக்கையறை, நாலைந்து செல்போன், ஒரு டிவி, 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால், கொடுத்த பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில் மாட்டச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடலாம்.

சொந்த ரவுட்டர் கைகொடுப்பது வேறு சில வீடுகளில். மாடி வீடு, கான்கிரீட் தளம், பின்கட்டு அறைக்கு சிக்னல் எட்டுவதில்லை. வீட்டிலிருந்தே அலுவலக வேலை. வெளியூரில் இருந்தபடி வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் போனுக்கு இரவு பத்து மணிக்கு மேல் இணையத்தை நிறுத்த வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, நிறுவனத்தை மாற்றும்போதெல்லாம் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் புது வைஃபை பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கடைசிக் காரணத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் காரணம். ரவுட்டர் உங்களுடையது என்றால், நாளைக்கு நிறுவனம் மாறினாலும் அதில் செருகியிருக்கும் ஓர் ஒயர்தான் மாறும். வீட்டுக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நிறுவனத்தின் பெட்டிக்குள் என்ன நடக்கிறது

எல்லோரும் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டியின் பெயர் ஓ.என்.டி. சில ஊர்களில் ஓ.என்.யு. என்பார்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழையில் ஒளியாக வரும் தகவலை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதன் அடிப்படை வேலை. இந்தியாவில் பரவலாக இருப்பது ஜிபான் தொழில்நுட்பம். இறங்குதிசையில் 1490 நானோமீட்டர், ஏறுதிசையில் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளி ஒரே இழையில் போய்வருகிறது. ஒரு இழையின் மொத்தத் திறன் இறங்க சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏற சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் வழியாகப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஒளியை மாற்றுவதோடு அந்தப் பெட்டி நிற்பதில்லை. நிறுவனத்தின் பிணையத்தில் லாகின் செய்வது, வீட்டுக் கருவிகளுக்கு ஐ.பி. முகவரி (பிணையத்தில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கொடுப்பது, வைஃபை, லேண்ட்லைன் போன் எல்லாமே அதற்குள்தான். சொந்த ரவுட்டர் வைப்பது என்றால் இவற்றில் சிலவற்றை அதனிடமிருந்து வாங்கி உங்கள் ரவுட்டரிடம் கொடுப்பது, அவ்வளவுதான். ஒளியை மாற்றும் வேலையை மட்டும் நீங்களாக மாற்ற முடியாது. ஒவ்வொரு ஓ.என்.டி.க்கும் உள்ள வரிசை எண் நிறுவனத்தின் மறுமுனைக் கருவியில் பதிவாகியிருக்கும். கடையில் வேறொன்றை வாங்கி இழையைச் செருகினால், அவர்கள் அந்தப் புது எண்ணைப் பதிவு செய்யும்வரை விளக்குதான் எரியும், இணையம் வராது.

அதனால் ஓ.என்.டி.யோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ரவுட்டர் வேலையை அதனிடமிருந்து எந்த அளவுக்கு வாங்க முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

படி 1: பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

இணைப்பு கொடுக்க வரும் டெக்னீஷியன் ஏணியோடு வீட்டில் நிற்கும் அரை மணி நேரம் பொன்னான நேரம். அவர் போன பிறகு அதே விவரத்தை வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. "அண்ணே, இதைப் பிரிட்ஜ்ல போட்டுக் கொடுக்க முடியுமா? நான் சொந்த ரவுட்டர் வெச்சிருக்கேன்" என்று நேரடியாகவே கேளுங்கள். பிரிட்ஜ் என்றால், பெட்டி ஒளியை மட்டும் மாற்றிக்கொண்டு, லாகின் முதலான ரவுட்டர் வேலைகளை உங்கள் ரவுட்டரிடம் விட்டுவிடும் அமைப்பு. முடியும் என்றால் அடுத்ததாக யூசர்நேம், பாஸ்வேர்டு, வி.லேன் எண் (ஒரே இணைப்பில் வரும் இணையம், போன் போன்றவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க இடும் முத்திரை எண்) ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும். சுவரில் திருகும் முன்பே அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான நிலவரம் இது. பி.எஸ்.என்.எல். ஃபைபரில் பி.பி.பி.ஓ.இ. என்ற லாகின் முறை இருக்கிறது. யூசர்நேம், பாஸ்வேர்டு உங்கள் கையில் வரும். பிரிட்ஜ் செய்வது எளிது, ஓ.என்.டி.யைக்கூட நீங்களே வாங்கி அவர்களிடம் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர்தான் அங்கே பங்குதாரர் என்பதால், பேசுகிற விதத்தில் பேசினால் வேலை நடக்கும். ஏர்டெல்லில் ஊரையும் பெட்டியின் மாடலையும் பொறுத்துப் பிரிட்ஜ் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜியோவில் வீட்டு இணைப்புகளுக்குப் பொதுவாகப் பிரிட்ஜ் தருவதில்லை. அவர்கள் பெட்டிக்குப் பின்னால்தான் உங்கள் ரவுட்டர் உட்கார வேண்டும். சில அடுக்குமாடிகளில் இழை கட்டிடத்தின் அடித்தளத்தோடு நின்றுவிடும், வீட்டுக்குச் சாதாரண ஈதர்நெட் ஒயர்தான் வரும். ஆக்ட் நிறுவனத்தின் பல இணைப்புகள் இந்த வகை. அங்கே ஓ.என்.டி. என்ற பேச்சே இல்லை, அந்த ஒயரை நேராக உங்கள் ரவுட்டரில் செருகலாம்.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்ற தேர்வு வாடிக்கையாளருக்குச் சட்டப்படியே உண்டு. லாகின் விவரத்தை நிறுவனம் கேட்காமலே கொடுத்தாக வேண்டும். நமக்கு அது டெக்னீஷியனின் பொறுமையையும் நம்முடைய பொறுமையையும் பொறுத்த விஷயமாக இருக்கிறது.

லேண்ட்லைன் வேண்டுமா, இணையவழி டிவி பெட்டி வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். போன் இணைப்பு ஓ.என்.டி.யின் பின்புறமுள்ள சிறு துளையிலிருந்து வருகிறது. அதற்கென்று தனியான அமைப்பு உள்ளே இருக்கும். இணையப் பகுதியை மட்டும் பிரிட்ஜாக மாற்றச் சொல்லுங்கள், போன் பகுதியைத் தொட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

படி 2: ரவுட்டர் வாங்குதல்

இங்கேதான் காசு வீணாகிறது. பெட்டியில் பெரிதாக 1200 என்று போட்டிருப்பதைப் பார்த்து 1200 எம்பிபிஎஸ் வரும் என்று நினைக்க வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு ஏட்டுக் கணக்குகளைக் கூட்டி, மேலே தள்ளி எழுதிய எண் அது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். கிடைப்பது அதிலும் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத் துளைகளை. 1200 வகுப்பில் விற்கும் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 ரவுட்டரில் இருப்பவை 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள். அதே வகுப்பில் உள்ள ஆர்ச்சர் சி6இல் இருப்பவை ஜிகாபிட் போர்ட்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்துவிட்டு முதல் வகையை மாட்டினால் 94, 95க்கு மேல் வராது. நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. ஆகவே எல்லா போர்ட்டும் ஜிகாபிட் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வைஃபை 6 இருந்தால் நல்லது. பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் அதன் பலன் தெரியும். உங்கள் போனும் மடிக்கணினியும் பழையவை என்றால் உடனே வித்தியாசம் தெரியாது, ஆனால் ரவுட்டர் நாலைந்து வருடம் ஓடப்போகிற பொருள். ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறுவனம் அந்த மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தொடர்ந்து தருகிறதா என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். கடைசிப் புதுப்பிப்பு மூன்று வருடத்துக்கு முன் என்றால் விட்டுவிடுங்கள்.

பழைய தொலைபேசி ஒயரில் வேலை செய்யும் ஏ.டி.எஸ்.எல். மோடம் ரவுட்டரும் இன்னும் சில கடைகளில் கிடக்கிறது. விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். அதில் இணையம் உள்ளே வரும் துளை தொலைபேசி ஒயர் அளவுக்குச் சிறியதாக இருக்கும். நமக்கு வேண்டியது ஈதர்நெட் ஒயர் செருகும் 'வான்' போர்ட் உள்ளது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த ரவுட்டர் பரணில் இருந்தால், அதையும் பயன்படுத்தலாம். அங்குள்ள நிறுவனம் தனக்கென்று பூட்டி வைத்த மாடலாக இல்லாமல் இருக்க வேண்டும். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓ.என்.டி.க்கும் ரவுட்டருக்கும் நடுவே போகும் ஒயர் கேட் 5இ அல்லது கேட் 6 ஆக இருக்கட்டும். உள்ளே நாலு ஜோடிக் கம்பியும் முனையில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு ஜோடியை மட்டும் வைத்து கிரிம்ப் செய்த ஒயரில் 100 எம்பிபிஎஸ்தான் போகும்.

படி 3: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி பிரிட்ஜ். ஓ.என்.டி. வெறும் ஒளிமாற்றியாகிவிடும், லாகின் உட்பட மற்ற எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். சுத்தமான வழி இதுவே.

இரண்டாவது ஏ.பி. முறை, அதாவது ஆக்சஸ் பாயின்ட். ஓ.என்.டி.யே ரவுட்டராகத் தொடரும். உங்கள் கருவி வைஃபை மட்டும் கொடுக்கும். வேண்டியது நல்ல சிக்னல் மட்டும்தான் என்றால் இது தாராளமாகப் போதும். பிரிட்ஜ் கிடைக்காதவர்கள் இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். பத்தில் எட்டு வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, இரட்டை நாட். வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே முகவரியில் வெளியே காட்டும் ரவுட்டர் வேலைதான் நாட், இங்கே அது இரண்டு முறை நடக்கும். ஓ.என்.டி.யும் ரவுட்டர், உங்களுடையதும் ரவுட்டர். ஒயரைச் செருகினாலே வேலை செய்யும் என்பதால் பலர் தெரியாமலே இதில்தான் இருக்கிறார்கள். அடுக்குமாடியின் கேட்டில் ஒரு வாட்ச்மேன், உங்கள் வீட்டு வாசலில் இன்னொரு வாட்ச்மேன் என்றால் எப்படியோ அப்படி. நீங்கள் வெளியே போய்வர இருவரும் விடுவார்கள். வெளியிலிருந்து ஒருவர் உங்களைத் தேடி வந்தால் முதல் ஆளிடமே திரும்பிப் போய்விடுவார். யூடியூப், வாட்ஸாப், வீடியோ கால் எல்லாம் குறையின்றி ஓடும். சில ஆன்லைன் விளையாட்டுகள், வெளியிலிருந்து கேமராவை நேரடியாகப் பார்ப்பது, வீட்டில் வி.பி.என். சர்வர் (வெளியிலிருந்து பாதுகாப்பாக வீட்டுப் பிணையத்துக்குள் நுழைய உதவுவது) வைப்பது ஆகியவைதான் தகராறு செய்யும். பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு உங்கள் ரவுட்டரிலேயே இருக்க வேண்டும், ஆனால் பிரிட்ஜ் இல்லை என்றால் இந்த வழியை எடுக்கலாம்.

படி 4: பிரிட்ஜ் அமைப்பது

வைஃபையில் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள். மடிக்கணினியை ஒயர் வழியாக ஓ.என்.டி.யில் இணையுங்கள். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான பெட்டிகளின் நிர்வாகப் பக்கம் திறக்கும். லாகின் செய்து 'வான்' பகுதிக்குப் போங்கள். அங்கே ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ இணைப்புகள் எழுதியிருக்கும். எதையும் தொடும் முன் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஏதாவது கோளாறானால் திரும்பி வர அந்தப் படம்தான் வழி.

இணையத்துக்கான இணைப்பைத் தேர்ந்தெடுத்து, 'ரூட்' என்றிருப்பதைப் 'பிரிட்ஜ்' என்று மாற்றுங்கள். வி.லேன் எண் முன்பு என்ன இருந்ததோ அதுவே இருக்கட்டும். எந்தத் துளை வழியாக வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்கும், லேன் 1ஐத் தேர்ந்தெடுங்கள். சேமியுங்கள். அந்தப் பெட்டியின் வைஃபையை இப்போது அணைக்க வேண்டாம். புது ரவுட்டர் ஓடத் தொடங்கிய பிறகு அணைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஓ.என்.டி.யின் லேன் 1லிருந்து உங்கள் ரவுட்டரின் 'வான்' போர்ட்டுக்கு ஒயர். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வகையைப் பி.பி.பி.ஓ.இ. என்று வைத்து, எழுதி வாங்கிய யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுங்கள். பி.எஸ்.என்.எல். யூசர்நேமில் வால்போல வரும் பகுதியையும் சேர்த்து முழுதாக அடிக்க வேண்டும். லாகின் இல்லாமல் ஐ.பி. முகவரி தானாக வரும் இணைப்பு என்றால் டைனமிக் ஐ.பி. என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இணையவில்லையா? ஓ.என்.டி.யில் பழைய லாகின் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான் அனுமதி. இரண்டு பெட்டிகள் ஒரே பெயரில் கதவைத் தட்டினால் ஒன்று வெளியே நிற்கும். ஓ.என்.டி.யை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் வி.லேன் விவகாரம். சில பெட்டிகள் பிரிட்ஜில் அந்த முத்திரையைத் தாங்களே கழற்றிக் கொடுக்கும், சில அப்படியே அனுப்பிவிடும். அப்படி அனுப்பினால் அதே எண்ணை உங்கள் ரவுட்டரில் 'ஐ.பி.டி.வி / வி.லேன்' என்ற பக்கத்தில் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, நிறுவனம் பழைய கருவியின் மேக் முகவரியை, அதாவது தயாரிப்பிலேயே அதற்குப் பதிந்த அடையாள எண்ணை, பூட்டி வைத்திருக்கலாம். முதலில் இணைந்த கருவியை மட்டுமே ஏற்கும் ஈதர்நெட் இணைப்புகளில் இது சகஜம். ரவுட்டரில் 'மேக் குளோன்' என்ற வசதியில் பழைய முகவரியை இட்டால் தீர்ந்தது. அல்லது நிறுவனத்தை அழைத்துப் புது முகவரியைப் பதியச் சொல்லலாம்.

பி.பி.பி.ஓ.இ.யில் இன்னொரு வினோதம் உண்டு. எல்லாத் தளமும் திறக்கும், ஏதோ ஒரு வங்கித் தளமோ அலுவலக வி.பி.என்.னோ மட்டும் பாதியில் உறைந்து நிற்கும். எம்.டி.யு., அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தகவலின் உச்ச அளவுதான் காரணம். சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. தன் பங்குக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1492தான் மிச்சம். ரவுட்டரில் 1492 என்று வையுங்கள். முன்னிருப்பாகவே அப்படி இருக்கும், யாராவது மாற்றியிருந்தால்தான் சிக்கல்.

படி 5: பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு

புது ரவுட்டர்கள் பலவற்றில் இயக்க முறை என்ற பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தி, ஓ.என்.டி.யிலிருந்து ஒயரைச் செருகினால் வேலை முடிந்தது. பழைய ரவுட்டரில் அந்தத் தேர்வு இல்லாவிட்டாலும் கையால் செய்யலாம். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போன்று, ஓ.என்.டி.யோடு மோதாத ஒன்றாக மாற்றுங்கள். அடுத்து டி.எச்.சி.பி.யை, அதாவது கருவிகளுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். கடைசியில் ஒயரை 'வான்' போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். டி.எச்.சி.பி.யை முதலில் நிறுத்தினால் அதன் பக்கத்துக்குள் மறுபடி நுழையவே சிரமப்பட வேண்டும்.

ஜியோ பெட்டியின் முகவரி 192.168.29.1. அதற்குப் பின்னால் ஏ.பி. முறையில் வைப்பவர்கள் முகவரியையும் அதே வரிசையில், 192.168.29.2 என்பதுபோல் கொடுக்க வேண்டும். ஜியோவில் ஐ.பி.வி.6 என்ற புது வகை ஐ.பி. முகவரியும் வருகிறது. ஏ.பி. முறையில் அது தானாகவே எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரும். இரட்டை நாட்டில் பெரும்பாலும் உங்கள் ரவுட்டரோடு நின்றுவிடும். ஜியோவுக்கு ஏ.பி. முறையை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

இரட்டை நாட்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஒன்றை உறுதி செய்யுங்கள். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் இணையம் வரவே வராது, அல்லது வந்து வந்து போகும். உங்கள் ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள். பிறகு ஓ.என்.டி.யில் உங்கள் ரவுட்டருக்கு ஒரு நிரந்தர முகவரி ஒதுக்கி, அதை டி.எம்.இசட். பகுதியில் போட்டால், வெளியிலிருந்து வருவதெல்லாம் உங்கள் ரவுட்டருக்கே தள்ளிவிடப்படும்.

அப்படிச் செய்தும் வெளியிலிருந்து கேமரா தெரியவில்லையா? ரவுட்டரின் 'வான்' முகவரி எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். இரட்டை நாட்டில் என்றால் ஓ.என்.டி.யின் 'வான்' முகவரியைப் பார்க்க வேண்டும். 100.64இலிருந்து 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நிறுவனமே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். சி.ஜி.நாட் என்பார்கள். உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் இது தீராது. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐ.பி. வாங்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 6: வைஃபை

வீட்டில் முன்பிருந்த வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரவுட்டருக்குக் கொடுங்கள். டிவி, பிரின்டர், ஸ்மார்ட் பிளக் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது எளிதில் யூகிக்கக்கூடிய பாஸ்வேர்டாக இருந்தால் மட்டும் இந்தச் சலுகையை விட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள்.

2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. நெருக்கமான தெருவில், அக்கம்பக்கத்தார் அதிகம் பிடிக்காத ஒன்றை எடுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையுள்ள சேனல்கள் எல்லாக் கருவிக்கும் ஒத்துவரும். 52க்கு மேலுள்ள சில சேனல்களில் ரேடார் சமிக்ஞை தென்பட்டால் ரவுட்டர் சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. அப்போது வைஃபை சில நொடி அறுந்து வரும். பாதுகாப்புக்கு டபிள்யூ.பி.ஏ.2 / டபிள்யூ.பி.ஏ.3 கலப்பு முறை. தனி டபிள்யூ.பி.ஏ.3 வைத்தால் பழைய டிவியும் பிரின்டரும் இணைய மறுக்கும். மலிவான ஸ்மார்ட் பிளக்குகளும் கதவுமணிக் கேமராக்களும் 2.4இல் மட்டுமே பேசும் என்பதால் அதை முழுதாக அணைத்துவிட வேண்டாம்.

இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், மீன் தொட்டி அருகில், ஷோகேஸின் கதவுக்குள் வைத்துவிட்டு விலை உயர்ந்த ரவுட்டரைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் உயரத்தில், திறந்த இடத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள். ஓ.என்.டி. வாசல் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, ஈதர்நெட் ஒயரை 100 மீட்டர் வரை இழுக்கலாம். ஒளி இழையை நீங்களாக இழுத்து இடம் மாற்றாதீர்கள். 3 சென்டிமீட்டருக்கும் குறைவான வளைவில் மடங்கினால் ஒளி கசியும். முனையைக் கழற்றி உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணுக்குக் கேடு.

மாடிக்கு சிக்னல் வேண்டும் என்றால் ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) வாங்கும் முன் ஓர் ஒயர் இழுக்க வழி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். மேலே ஒரு பழைய ரவுட்டரை ஏ.பி. முறையில் ஒயரில் இணைத்தால், பல பெட்டிகள் ஒயரில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விலை உயர்ந்த மெஷ் கருவியைவிட நன்றாக ஓடும்.

படி 7: பூட்டு போடுதல்

சொந்த ரவுட்டர் என்றால் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. 2016 நவம்பரில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் மிராய் என்ற தீநிரலின் தாக்குதலில் முடங்கின. நிறுவனங்கள் தூரத்திலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கப் பயன்படும் 7547ஆம் போர்ட் (ஒயர் செருகும் துளை அல்ல, மென்பொருளில் எண்ணிட்ட வாசல்) இணையத்தை நோக்கித் திறந்து கிடந்ததுதான் வழி. உங்கள் ரவுட்டரில் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் இணைய உதவும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் இரண்டையும் அணையுங்கள். நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள், அது வைஃபை பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது. மென்பொருளைப் புதுப்பியுங்கள், தானாகப் புதுப்பிக்கும் தேர்வு இருந்தால் இயக்குங்கள். விருந்தினருக்குக் 'கெஸ்ட்' வைஃபை ஒன்று போட்டு, கேமரா, ஸ்மார்ட் பல்ப் போன்றவற்றையும் அதிலேயே விட்டுவிடுவது என் பழக்கம்.

டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றுவது விருப்பம். வேகம் கூடும் என்று சொல்வார்கள். நிறுவனத்தின் டி.என்.எஸ். அடிக்கடி படுத்தால்தான் பலன் தெரியும்.

படி 8: சோதனையும் பராமரிப்பும்

முதல் சோதனை எப்போதும் ஒயரில். மடிக்கணினியை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே திட்டத்தின் வேகம் வந்து, வைஃபையில் வரவில்லை என்றால் பிரச்சினை இடமும் சேனலும். ஒயரிலேயே 95ஐத் தாண்டவில்லை என்றால் ஒயரையோ போர்ட்டையோ சந்தேகப்படுங்கள்.

இணையம் நின்றுபோனால் ஓ.என்.டி.யின் விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஒளி வரவில்லை, உங்கள் ரவுட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிர்வாகப் பக்கத்தில் ஒளியின் அளவும் இருக்கும். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் இணைப்பு தள்ளாடும். "மைனஸ் 28 காட்டுது, லைனைப் பாருங்க" என்று எண்ணோடு புகார் கொடுத்தால் சீக்கிரம் ஆள் வரும். சேவை மையத்தில் முதல் பதிலே "உங்க ரவுட்டர்ல பிரச்சினை சார்" என்றுதான் வரும். அழைக்கும் முன் மடிக்கணினியை நேராக ஓ.என்.டி.யில் இணைத்து ஒருமுறை பார்த்துவிட்டால், அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. பிரிட்ஜில் இருப்பவர்கள் மடிக்கணினியிலேயே பி.பி.பி.ஓ.இ. இணைப்பு ஒன்றை உருவாக்கி லாகின் செய்து பார்க்கலாம். விண்டோஸ் 691 என்ற பிழை எண் காட்டினால் யூசர்நேம், பாஸ்வேர்டில் கோளாறு, அல்லது அந்தக் கணக்கில் ஏற்கெனவே வேறொரு லாகின் இருக்கிறது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிட்ஜ் ஒருநாள் திடீரென்று நின்றால், நிறுவனம் தூரத்திலிருந்து ஓ.என்.டி.யைப் புதுப்பித்து அமைப்பைப் பழையபடி மாற்றியிருக்கலாம். முன்பு எடுத்த படங்களை வைத்து மறுபடி செய்ய வேண்டியதுதான். பெட்டியின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசி விட்டு ரீசெட் செய்வதை மட்டும் தவிருங்கள். நிறுவனத்தின் அமைப்பே அழிந்து, டெக்னீஷியன் வரும்வரை லேண்ட்லைன்கூட இருக்காது.

மின்தடை உள்ள ஊர் என்றால் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் முழுப் பகலையும் அது தாங்காது, இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டும். ஓ.என்.டி., ரவுட்டர் இரண்டுக்கும் அதிலிருந்தே மின்சாரம் போக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று படித்துப் பாருங்கள். ஓ.என்.டி. பெரும்பாலும் 12 வோல்ட், ரவுட்டர் 9 அல்லது 12. 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐச் செருகினால் புகை வரலாம். மினி யு.பி.எஸ்.ஸில் இரண்டு அளவுக்கும் தனித்தனித் துளை இருக்கும், எது எதற்கென்று சிறு தாள் ஒட்டி வையுங்கள்.

வைஃபையை அணைத்துவிட்டோம் என்பதற்காக நிறுவனத்தின் பெட்டியையோ அடாப்டரையோ தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணைப்பை முடித்துக்கொள்ளும் நாளில் அதைத் திருப்பிக் கேட்பார்கள், இல்லையென்றால் முன்பணத்தில் கழிப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரிசை எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.